வாயைத் திறந்தால்தான் வாய்ப்பா?

கேள்வி: என் தம்பிக்கு இருபத்துநான்கு வயது. கோவையில் எம்எம்ஏ (கூண்டுக்குள் மோதும் கலப்புத் தற்காப்புக் கலை) பயிற்சி எடுக்கிறான். 61 கிலோ பிரிவு. தொழில்முறையில் ஆடிய ஏழு போட்டிகளில் ஆறில் வென்றிருக்கிறான். அதில் நான்கு, கழுத்துப் பிடி போட்டு வென்றவை. ஆனால் எட்டு மாதமாக அவனுக்குப் போட்டியே அமையவில்லை. அவனிடம் தோற்ற ஒரு பையன் இன்ஸ்டாகிராமில் எல்லோரையும் ஏசி வீடியோ போட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு டெல்லியில் பெரிய மேடை கிடைத்துவிட்டது. கோச் "ஜெயித்துக்கொண்டே இரு, தானாக வரும்" என்கிறார். தம்பி இயல்பிலேயே அதிகம் பேசாதவன். அவன் பக்கத்தை நான்தான், வங்கி வேலைக்கு நடுவே, நடத்திக்கொண்டிருக்கிறேன். சாம்பியனைச் சீண்டி அவன் பேசுவதற்கு ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போடலாமா? இதற்கிடையே ஓர் ஏஜென்ட், விளம்பரச் செலவுக்கு என்று முன்பணமும், இனி வரும் போட்டிப் பணத்தில் முப்பது சதவீதமும் கேட்கிறார். கொடுக்கலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீடியோவைப் போடாதீர்கள். தம்பி பேச வேண்டும் என்கிறீர்கள், அது சரி. என்ன பேச வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் சரியில்லை.

கோச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெயிக்காதவனின் பேச்சுக்கு ஆயுள் குறைவு. ஆனால் "தானாக வரும்" என்கிறாரே, அப்படி ஒன்று இந்த விளையாட்டில் கிடையாது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து இரண்டு பெயர்களை அருகருகே எழுதினால்தான் ஒரு போட்டி பிறக்கிறது. நான் வீரர்களின் மேலாளராக அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசுகிறவன். அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன தலைவலி என்று தெரிந்தால், தம்பி எதைப் பேச வேண்டும் என்பது விளங்கிவிடும்.

குத்துச்சண்டையில் பட்டம் வேறு கையில், மேடை வேறு கையில். டபிள்யூபிசி, ஐபிஎஃப் போன்ற அமைப்புகள் பட்டத்தை வைத்திருக்கின்றன. போட்டியை நடத்துகிறவர் வேறொருவர். கட்டாயப் போட்டியாளர் என்று அமைப்பு அறிவித்தவரைச் சாம்பியன் குறித்த காலத்துக்குள் சந்திக்க வேண்டும், மறுத்தால் பட்டம் பறிபோகலாம். (அங்கும் தில்லுமுல்லுகள் ஏராளம், அது தனிக் கதை.) தரவரிசையிலும் ஒப்பந்தங்களிலும் நடக்கும் அநியாயங்களுக்குக் கடிவாளம் போட அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முகமது அலியின் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் எம்எம்ஏவைத் தொடவில்லை. எம்எம்ஏவின் மிகப் பெரிய நிறுவனமான யுஎஃப்சியில் பெல்ட் (அதாவது பட்டம்) கம்பெனியுடையது, மேடை கம்பெனியுடையது, யாரோடு யார் மோத வேண்டும் என்று முடிவெடுக்கும் மேட்ச்மேக்கரும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர். 2013 முதல் ஊடகக்காரர்கள் வாக்களித்து உருவாக்கும் தரவரிசை ஒன்று வெளியாகிறது. வசதிப்பட்டால் கம்பெனி அதை மதிக்கும்.

வசதிப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யுஎஃப்சி வீரர் பெலால் முகமது சாட்சி. 2019 ஜனவரியில் ஒரு தோல்வி. அதற்குப் பிறகு பட்டம் வெல்லும் வரை அவர் தோற்கவே இல்லை. 2023 மே மாதம் கில்பர்ட் பர்ன்ஸையும் வென்றுவிட்டு, 77 கிலோ பிரிவின் சாம்பியன் லியோன் எட்வர்ட்ஸுக்காகக் காத்திருந்தார். அந்த டிசம்பரில் எட்வர்ட்ஸோடு மோதும் வாய்ப்பு கோல்பி கோவிங்டனுக்குப் போனது. கோவிங்டன் 2022 மார்ச்சுக்குப் பிறகு கூண்டுக்குள் கால் வைத்தவர் அல்ல. ஆனால் வாய் மட்டும் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. பெலாலின் முறை 2024 ஜூலையில்தான் வந்தது. மான்செஸ்டரில் எட்வர்ட்ஸை வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். உங்கள் தம்பியிடம் தோற்ற பையன் டெல்லி போன கதையும் இதே ரகம்தான். அதற்காக யார் மீதும் கோபப்பட்டுப் பயனில்லை. மேட்ச்மேக்கர் நீதிபதி அல்லர். குறிப்பிட்ட தேதிக்கு அரங்கத்தை நிரப்ப வேண்டியவர்.

சரி, அந்த மனிதரின் தலைவலியைத் தீர்த்து மேடை ஏறியவர் யார்? எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சுத்தமான உதாரணம், வாய்ப்பேச்சுக்குப் பேர்போன அயர்லாந்து வீரர் கானர் மெக்ரிகர் இல்லை. நியூ ஜெர்சியைச் சேர்ந்த மிக்கி கால். பெரும்பாலானோர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

2014 டிசம்பரில் யுஎஃப்சி, டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நட்சத்திரமாக இருந்த சிஎம் பங்க்கை ஒப்பந்தம் செய்தது. உலகெங்கும் ரசிகர்கள்; எம்எம்ஏவில் ஆடிய போட்டிகளோ பூஜ்யம். டிக்கெட் விற்பதில் கம்பெனிக்குக் கவலையே இல்லை. எதிராளியைத் தேடுவதுதான் பெரும்பாடு. தேர்ந்த ஒருவரை எதிரே நிறுத்தினால் அது போட்டியாக இருக்காது, அனுமதி கொடுக்கும் ஆணையமும் முகம் சுளிக்கும். அனுபவமே இல்லாத ஒருவரை நிறுத்தினால், இவர் யார், எதற்காக யுஎஃப்சியில் நிற்கிறார் என்று கேட்பார்கள். அந்தச் சமயத்தில் கம்பெனித் தலைவர் டானா வைட், சின்னச் சின்ன உள்ளூர்ப் போட்டிகளுக்குப் போய்ப் புதுமுகங்களைத் தேடுவதைப் படம்பிடித்து ஓர் இணையத் தொடராக வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூண்டில் மிக்கி கால் வென்றார். தொழில்முறையில் அவர் கணக்கில் இருந்தது அந்த ஒரே வெற்றி. அவர் மைக்கில் யாரையும் ஏசவில்லை, "நான்தான் உலகிலேயே சிறந்தவன்" என்றும் சொல்லவில்லை. சிஎம் பங்க்கோடு மோதத் தயார் என்றார், அவ்வளவுதான்.

இதில் எத்தனை விஷயம் ஒன்றாகப் பொருந்தியது பாருங்கள். இருவரும் ஒரே எடை. இருவருமே கற்றுக்குட்டிகள், ஆகவே அனுமதிக்குச் சிக்கலில்லை. கேட்டது கேமரா முன்னால், கேட்கப்பட்டவரோ எதிராளி இல்லாமல் நின்றவர். 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி லாஸ் வேகாஸில் மைக் ஜாக்சன் என்ற இன்னொரு புதுமுகத்தோடு மிக்கி காலை மோதவைத்துச் சோதித்தார்கள். 45 நொடியில் பின்பக்கமாகக் கழுத்தைப் பிடித்து முடித்தார். செப்டம்பரில் கிளீவ்லாண்டில் பங்க்கோடு மோதியபோதும் அதே பிடி, 2 நிமிடம் 14 நொடி.

அந்த வெற்றிக்குப் பிறகு அவர் செய்ததைத்தான் உங்கள் தம்பிக்குப் பாடமாக வைப்பேன். இத்தனை பேர் பார்க்கும் மேடையில் மைக் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. அங்கே நின்று அவர் சாம்பியனைக் கூப்பிடவில்லை. சேஜ் நார்த்கட் என்றார். நார்த்கட்டுக்கு அப்போது இருபது வயது, கட்டழகன், கம்பெனியே தூக்கிப் பிடித்து விளம்பரம் செய்துகொண்டிருந்த பையன். அதே வருடம் ஜனவரியில் பிரையன் பார்பெரீனாவிடம் கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றவன். மிக்கி கால் வெல்வது எதனால்? கழுத்துப் பிடியால். பெயரோ பெரியது, பலவீனமோ தனக்குக் கைவந்த வித்தையிலேயே இருக்கிறது. டிசம்பர் 17-ஆம் தேதி சாக்ரமெண்டோவில் போட்டி அமைந்தது, இரண்டாவது சுற்றில் அதே பிடியில் முடிந்தது. ஒரே வருடத்தில் இரண்டு பெயர்கள் சொன்னார், இரண்டும் கிடைத்தன. அடுத்த வருடம் ராண்டி பிரவுனிடம் தோற்றார், பிறகு மேலும் கீழுமாகத்தான் போனார். பேச்சு அவரைச் சாம்பியன் ஆக்கவில்லை. ஆனால் மிக்கி கால் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வாய்ச்சவடாலில் குரு என்று எல்லோரும் சொல்லும் சேல் சோனனையும் இதே கண்ணோடு பாருங்கள். 2010 ஆகஸ்டில் அப்போதைய சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவை நான்கு சுற்றுகளுக்கு மேல் தரையில் போட்டுப் புரட்டிவிட்டு, ஐந்தாவது சுற்றில் முக்கோணப் பிடியில் மாட்டித் தோற்றார். 2011 அக்டோபர் 8, ஹூஸ்டன். பிரையன் ஸ்டான்னை வென்றதும் வர்ணனையாளர் ஜோ ரோகன் மைக்கை நீட்டினார். சில்வா அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சோனன் அன்றைய சண்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேராகச் சில்வாவைப் பார்த்துப் பேசினார். முதலில் ஒரு வசை, எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான். அதற்கு அடுத்து வந்ததுதான் தொழில் தெரிந்தவனின் பேச்சு: சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) வார இறுதியில் மோதுவோம்; நான் வென்றால் நீ இந்த எடைப் பிரிவை விட்டுப் போக வேண்டும், நீ வென்றால் நான் யுஎஃப்சியை விட்டே போகிறேன். பெயர், தேதி, பந்தயம் மூன்றும் அதில் இருந்தன. கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்கு மிச்சமிருந்த வேலை சுவரொட்டி அடிப்பது மட்டும்தான். அந்தத் தேதி நடக்கவில்லை, சில்வாவும் அன்று சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இருந்தும் 2012 ஜூலையில் லாஸ் வேகாஸில் போட்டி நடந்தது. இரண்டாவது சுற்றில் சோனன் தோற்றார்.

நேட் டியாஸ் இன்னொரு விதம். 2015 டிசம்பரில் ஓர்லாண்டோவில் மைக்கேல் ஜான்சனை வென்றுவிட்டு, ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் நேரலையில் மெக்ரிகரை இழுத்தார். வார்த்தைக்கு வார்த்தை வசவு. ஒளிபரப்புக்காரர்கள் ஒலியை நிறுத்தி நிறுத்திச் சமாளித்தார்கள். வசவை எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே செய்தி: நான் உழைத்து வைத்ததை எல்லாம் அவன் எடுத்துக்கொண்டு போகிறான், அவனோடு என்னை மோதவிடுங்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. மெக்ரிகருக்கு 2016 மார்ச் 5-ஆம் தேதிக்குப் பேசி வைத்திருந்த எதிராளி ரஃபேல் டோஸ் அஞ்சோஸ். போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவர் பாதத்தில் எலும்பு முறிந்தது. யாரைக் கூப்பிடலாம் என்று மேசையில் பேச்சு வந்தபோது, மக்கள் காதில் ஏற்கெனவே மெக்ரிகரோடு சேர்ந்து ஒலித்த பெயர் ஒன்று தயாராக இருந்தது. டியாஸ் வந்தார், இரண்டாவது சுற்றில் மெக்ரிகரின் கழுத்தைப் பிடித்து வென்றார். அந்த இரவுக்கு அவருடைய அறிவிக்கப்பட்ட ஊதியம் ஐந்து லட்சம் டாலர். எட்டு மாதம் சும்மா இருக்கும் தம்பிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பிறகு சொல்கிறேன்.

மெக்ரிகரைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் எழுதி அனுப்பியதில் அவர் சாயல் தெரிகிறது. அவரை நகல் எடுக்கிறவர்கள் எல்லோரும் கோட்டு, கண்ணாடி, திமிர் இவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 2015 ஜனவரியில் பாஸ்டனில் டென்னிஸ் சீவரை வீழ்த்திய கையோடு கூண்டைத் தாண்டிக் குதித்து, பார்வையாளர் வரிசையில் இருந்த சாம்பியன் ஜோஸே ஆல்டோவின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாரே, அதற்கு முன்னால் யுஎஃப்சியில் ஐந்து போட்டிகளில் ஐந்தையும் வென்றிருந்தார். அவற்றில் நான்கில் எதிராளி மணியடிக்கும் வரை நிற்கவே இல்லை. அந்த டிசம்பரில் ஆல்டோவைப் பதின்மூன்று நொடியில் சாய்த்தார். சொன்னதைச் செய்கிறவன் வாயிலிருந்து வரும்போதுதான் அந்தத் திமிருக்கு விலை இருந்தது. உங்கள் தம்பி அமைதியான பையன். அவன் வாயில் அந்த வசனத்தை வைத்தால் பார்க்கிறவர்களுக்கு முதல் ஐந்து நொடியிலேயே தெரிந்துவிடும், இது யாரோ எழுதிக் கொடுத்தது என்று.

பேசாமலே உச்சிக்குப் போனவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். டிமெட்ரியஸ் ஜான்சன் இருக்கிறார். 2012 முதல் 2018 வரை 57 கிலோ பிரிவின் சாம்பியன், தொடர்ந்து 11 முறை பட்டத்தைக் காத்தது யுஎஃப்சி சாதனை. எதிராளியைத் தூக்கி எறியும்போதே அந்தரத்தில் கையைப் பிடித்துத் தரைக்கு வரும்போது பூட்டிவிட்ட அந்த 2017 அக்டோபர் சண்டையைத் தம்பியிடம் கேளுங்கள், அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். இத்தனைக்கும் அவர் பெயரில் டிக்கெட் விற்கவில்லை. 2018-இல் பட்டத்தை இழந்த சில மாதங்களில் அவரை ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பென் அஸ்க்ரனை வாங்கிக்கொண்டது யுஎஃப்சி. அஸ்க்ரனுக்குப் பேச வரும். (அஸ்க்ரன் சில மாதம் கழித்து ஜார்ஜ் மஸ்விடாலின் முழங்காலில் ஐந்து நொடியில் விழுந்தார். பேச்சு கொடுத்ததைக் கூண்டு பிடுங்கிக்கொண்ட அந்தக் காட்சியை நான் சலிக்காமல் பார்ப்பேன்.)

இனி உங்கள் வீடியோ. எழுத்து நன்றாகத்தான் வருகிறது உங்களுக்கு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாம்பியன் வடகிழக்கைச் சேர்ந்தவர். அவருடைய கண்களையும், சாப்பாட்டையும், அவர் இந்தி பேசும் விதத்தையும் கிண்டலடிக்கும் வரிகள் உங்கள் எழுத்தில் நான்கு இடத்தில் வருகின்றன. விளையாட்டு என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். சென்னை என்றாலும் கோவை என்றாலும் வட இந்தியாவில் நம்மை எப்படி எல்லாம் கேலி செய்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த வரிகளைத் தம்பியின் வாயில் வைக்காதீர்கள். இனம், மொழி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பகை மூட்டும் பேச்சு பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவுக்குள் வரக்கூடும். ஒரு புகார் போதும்; பாஸ்போர்ட், விசா என்று வரும்போது வழக்கு குறுக்கே நிற்கும்.

"கோவிங்டன் அப்படித்தானே வளர்ந்தார்" என்று தம்பியின் நண்பர்கள் சொல்வார்கள். ஆமாம். 2017 அக்டோபரில் சாவ் பாவ்லோவில் டெமியன் மாயாவை வென்றுவிட்டு, பிரேசில்காரர்கள் முன்னாலேயே அவர்கள் நாட்டைக் குப்பை என்றும் அவர்களை மிருகங்கள் என்றும் சொன்னார். அடுத்த ஜூனில் இடைக்காலப் பட்டத்துக்கான போட்டி கிடைத்தது, வென்றார். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கடையில் சரக்கு நாளுக்கு நாள் காரமாகிக்கொண்டே போக வேண்டும். நான் மேலே சொன்ன 2023 டிசம்பர் போட்டிக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பில், எட்வர்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது கொலை செய்யப்பட்ட அவருடைய அப்பாவை இழுத்தார். எட்வர்ட்ஸ் தண்ணீர் பாட்டிலை வீசினார். கூண்டுக்குள் ஐந்து சுற்றும் நிதானமாக ஆடி வென்றார். மெக்ரிகர் 2018 ஏப்ரலில் புரூக்ளினில் பேருந்துக் கண்ணாடியை உடைத்ததும் இதே சரிவுதான். உள்ளே இருந்த மைக்கேல் கீசாவுக்குக் கண்ணாடி வெட்டி, அவர் அந்த வாரப் போட்டியையே இழந்தார். ரஷ்யாவின் கபீப் நூர்மகமெதோவோடு மெக்ரிகர் அந்த அக்டோபரில் மோதி முடித்தபோது கூண்டுக்கு வெளியே கைகலப்பு. இருவருக்கும் அபராதம், தடை.

கபீப் பெயர் வந்ததால் சொல்கிறேன்: உங்கள் தம்பிக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் அவர்தான். 2016 நவம்பரில் நியூயார்க்கில் வென்றுவிட்டு, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவர் பேசியதில் நகைச்சுவையும் இல்லை, நளினமும் இல்லை. அயர்லாந்தில் இருப்பவர்கள் அறுபது லட்சம், ரஷ்யாவில் பதினைந்து கோடி என்று ஒரு கணக்குச் சொல்லி, மெக்ரிகரோடு மோத வேண்டும் என்றார். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதைத்தான் மேட்ச்மேக்கரும் கேட்க விரும்புகிறார். பேசத் தெரியாதவனுக்கும் எண்ணத் தெரியும் அல்லவா?

இன்னொன்றையும் யோசியுங்கள். பேசிப் பேசி வாங்கிய போட்டி சில நேரம் சீக்கிரமே வந்துவிடும். சோனன் சில்வாவிடம் இரண்டாம் முறை தோற்ற கையோடு, தன் எடைப் பிரிவே அல்லாத 93 கிலோவில் சாம்பியன் ஜான் ஜோன்ஸைச் சீண்டினார். 2013 ஏப்ரலில் பட்டப் போட்டியும் வாங்கினார். முதல் சுற்று முடிவதற்குள் நசுங்கிப்போனார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது, வங்கிக் கணக்குக்கு அது நல்ல இரவு. இருபத்துநான்கு வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம் பக்கத்திலேயே ஒருவர்: கோலாலம்பூரைச் சேர்ந்த அகிலன் தானி, தோல்வியே காணாதவராக 2017 மே மாதம் சிங்கப்பூரில் பென் அஸ்க்ரனோடு ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்கு மோதினார். வயது இருபத்தொன்று. முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் முடிந்தது. அவர் அதற்குப் பிறகும் நின்று ஆடினார், அது அவர் நெஞ்சுரம். எல்லோருக்கும் அது அமையாது. ஆகவே சாம்பியனை இப்போது விட்டுவிடுங்கள். ஏழு போட்டி ஆடிய, பெயர் தெரியாத ஒருவனை வெல்வதால் சாம்பியனுக்கு லாபம் ஒன்றும் இல்லை. அவர் பதில் சொல்லவே மாட்டார்.

அந்தப் பிரிவில் நான்காவது ஐந்தாவது இடத்தில் இருப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு ரசிகர் கூட்டம் இருக்கிறது, யார் தரையில் பலவீனம், யாருக்கு அடுத்த போட்டிக்கு இன்னும் எதிராளி அறிவிக்கவில்லை என்று கோச்சோடு உட்கார்ந்து பாருங்கள். மூன்றும் பொருந்தும் ஒரு பெயர் போதும். இரண்டு பெயர் சொன்னால் ஒன்றும் கிடைக்காது. வீடியோவை ஒன்றரை நிமிடத்திலிருந்து இருபது நொடிக்குக் குறையுங்கள். தம்பி தமிழிலேயே பேசட்டும், கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடட்டும். பிரேசிலின் சார்ல்ஸ் ஒலிவேரா போர்ச்சுகீஸில் பேசித்தான் 2021-இல் யுஎஃப்சி சாம்பியன் ஆனார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார், அவ்வளவுதான். சுமாராக இப்படி இருக்கலாம்:

"61 கிலோ. ஏழு போட்டி, ஆறு வெற்றி. நான்கு பேரின் கழுத்து என் கையில் முடிந்தது. நீங்கள் இதுவரை நின்று அடிப்பவர்களோடு மட்டும்தான் மோதியிருக்கிறீர்கள். உங்களைக் கீழே கொண்டுபோய்ப் பார்க்க எனக்கு ஆசை. மார்ச் மாத மேடையில் உங்களுக்கு எதிராளி இல்லை. நான் வருகிறேன். வேறு யாரையாவது போட்டு அவர் விலகினால், பத்து நாள் முன்னால் கூப்பிட்டாலும் வருகிறேன்."

இதற்கு முன்னால் அந்த நான்கு கழுத்துப் பிடிகளையும் பத்து நொடிக்கு வெட்டி ஒட்டுங்கள். அவன் முகத்தை விட அந்தப் பத்து நொடி நன்றாகப் பேசும். எதிராளியின் பக்கத்தையும் நடத்துகிற நிறுவனத்தின் பக்கத்தையும் குறியிட்டுப் போடுங்கள். அதே வாரம் மேட்ச்மேக்கருக்கு ஒரு மின்னஞ்சல்: பெயர், எடை, வெற்றி தோல்விக் கணக்கு, வீடியோ இணைப்பு, எந்தத் தேதிகளில் தயார். பலர் வீடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மேட்ச்மேக்கர் இன்ஸ்டாகிராமில் தேடிக்கொண்டு வருவார் என்பது நம்பிக்கை, அவ்வளவே.

அந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும், டியாஸ் விஷயத்தில் நான் பாக்கி வைத்தது அதுதான். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிறதா? எடை, பத்து நாளில் பட்டினி கிடக்காமல் இறக்கக்கூடிய அளவில் இருக்கிறதா? கூப்பிட்ட அன்று "கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்று சொன்னவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள். நானே அப்படிப்பட்டவர்களுக்காகப் பேசி மூக்குடைபட்டிருக்கிறேன்.

அடுத்த போட்டியில் அவன் ஜெயித்தால், மைக் வரும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் யோசித்துப் பேசவே முடியாது, யாராலும். அதனால் ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பயிற்சியில் கடைசிச் சுற்று முடிந்ததும், மூச்சிரைக்க அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வேடிக்கையாக இருக்கும், செய்யட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவனுக்குக் கேமரா ஒத்துவரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பேச்சுக்கு வேலையே இல்லாத வழிகள் இருக்கின்றன. சுற்று முறையில் நடக்கும் போட்டிகளில் அட்டவணைதான் எதிராளியைக் கொடுக்கும். உத்தரகாண்டின் அன்ஷுல் ஜூப்லி, ஆசிய வீரர்களுக்காக யுஎஃப்சி நடத்தும் ரோடு டு யுஎஃப்சி தொடரில் வென்று 2023 பிப்ரவரியில் ஒப்பந்தம் வாங்கினார். அங்கே யாரையும் பெயர் சொல்லி அழைக்கத் தேவையில்லை, அடுத்தவரை வென்றால் போதும். பூஜா தோமர் இந்தியாவின் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் மேடையில் பட்டம் வென்று, அதன் பலத்தில் யுஎஃப்சிக்குப் போனார். 2024 ஜூனில் அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். தம்பியின் கணக்கில் இன்னும் இரண்டு வெற்றி சேர்ந்தால் இந்த வழிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத் தேதிகளைக் கவனிப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

அந்த ஏஜென்ட். முன்பணம் வேண்டாம், ஒரு ரூபாய்கூட. எங்கள் தொழிலில் மேலாளரின் பங்கு பொதுவாகப் பத்து முதல் இருபது சதவீதம், அதுவும் போட்டி நடந்து பணம் வந்த பிறகு. முப்பது கேட்கிறவர், அதற்கு முன்பே கையில் பணம் கேட்கிறவர், போட்டி வாங்கித் தருவதில் பிழைக்கிறவர் அல்லர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் எந்த வீரருக்கு எந்த மேடையில் போட்டி பேசி முடித்தீர்கள்? பெயர் சொன்னால் அந்த வீரரிடமே விசாரித்துவிடலாம். ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தால், எத்தனை வருடத்துக்கு என்றும், நீங்களே தேடிப் பிடித்த போட்டியிலும் அவருக்குப் பங்கு உண்டா என்றும் பாருங்கள். இந்த இரண்டு இடத்தில்தான் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே தம்பி எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். வீடியோ அதற்குப் பிறகு.